மொன்டானாவின் மானாவாரி நிலத்தில் கேமலினா: ஓர் எரிபொருள் பயிரின் நிகழ்வு ஆய்வு

2007-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் மொன்டானா மாநில உழவர்கள் 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் கேமலினா என்னும் எண்ணெய் வித்துப் பயிரை விதைத்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அவர்களில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை. 2010-இல் அந்தப் பரப்பு 10,000 ஏக்கருக்கும் கீழே இறங்கிவிட்டது. விந்தை என்னவென்றால், வயலில் பயிர் சுருங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அதன் எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் ஜப்பானிய, டச்சுப் பயணிகள் விமானங்களிலும் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானத்திலும் எரிந்து, உலகச் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. வறட்சியும் உறைபனியும் உள்ள பகுதிகளுக்கென எரிபொருள் பயிர்களை உருவாக்க முனைவோர் இந்த முரணைக் கூர்ந்து நோக்க வேண்டும். கேமலினாவைக் குளிரும் வறட்சியும் வீழ்த்தவில்லை. உழவரின் வரவு செலவுக் கணக்கில்தான் அது தோற்றது.

நிலம்

மொன்டானாவின் வடநடுப் பகுதியில் ஹாவர், ஷெல்பி, கிரேட் ஃபால்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட கோதுமைச் சமவெளியை அங்குள்ளோர் 'தங்க முக்கோணம்' என்று அழைக்கின்றனர். ஆண்டு மழையளவு பெரும்பாலும் 250 முதல் 350 மி.மீ. வரைதான். உறைபனி விழாத காலம் ஏறத்தாழ நான்கு மாதம். மே மாதத்தில் இளம்பயிர்மேல் பனி உறைவது அங்கே வழக்கமான நிகழ்ச்சி. இவ்வளவு குறைந்த மழையில் ஒவ்வோர் ஆண்டும் கோதுமை விளைவிக்க முடியாது என்பதால், ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு தரிசு என்ற முறை நூறாண்டுகளாக அங்கே நிலைத்துவிட்டது. தரிசு ஆண்டில் களையை மட்டும் அழித்து நிலத்தை வெறுமையாக வைத்திருப்பார்கள். அந்த ஓராண்டு மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் தங்கி, அடுத்த கோதுமைக்கு உதவும்.

எரிபொருள் பயிரைப் பரிந்துரைத்தவர்களின் வாதம் இந்தத் தரிசிலிருந்தே தொடங்கியது. உணவுப் பயிருக்குரிய நிலத்தை எடுக்க வேண்டாம், காட்டை அழிக்க வேண்டாம், ஏற்கெனவே உழவில் இருந்து ஓராண்டு வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் குறுகிய காலப் பயிர் ஒன்றைப் புகுத்தினால் போதும் என்றனர். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பதால் உணவு விலை ஏறுகிறது என்ற குற்றச்சாட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. ஆகவே இந்த வாதத்துக்கு மிகுந்த வரவேற்பு இருந்தது. வேளாண் அறிவியல் பயின்றவரான அன்றைய மாநில ஆளுநர் பிரையன் ஷ்வைட்சர் இந்தப் பயிருக்காக ஆர்வத்துடன் பேசினார்.

பயிர்

கேமலினா கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பயிரிடப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதிக விளைச்சல் தரும் ரேப் கடுகு பரவியதால் கைவிடப்பட்டது. வட அமெரிக்காவுக்கு ஆளிவிதையோடு களையாக வந்து சேர்ந்தது. அதன் விதை மிகச் சிறியது. ஆயிரம் விதைகளின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். விதையில் 30 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு; அந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பமிலம்.

குளிரைப் பொறுத்தவரை இந்தப் பயிரைக் குறைசொல்ல இடமில்லை. உறைநிலைக்குச் சற்றே மேலான வெப்பத்திலேயே விதை முளைக்கத் தொடங்கும். ஆகவே மொன்டானாவில் மார்ச் மாதத்திலேயே, சில இடங்களில் பனி முழுதும் விலகாத தரையிலேகூட, அதை விதைக்க முடிகிறது. இளம்பயிர் தரையோடு ஒட்டிய இலைவட்டமாக வளர்வதால், மைனஸ் 11 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் கடுகும் ஆளியும் கருகும்போது இது பிழைத்திருப்பதாக அங்குள்ள வேளாண் விரிவாக்க வெளியீடுகள் குறிப்பிடுகின்றன.

வறட்சியின் கதை அவ்வளவு நேரானதன்று. கேமலினா வறட்சியைத் தாங்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அது பெரும்பாலும் வறட்சியிலிருந்து தப்பிக்கும் பயிரே. 85 முதல் 100 நாளுக்குள் அது முதிர்ந்துவிடும். முன்னதாக விதைத்து, பனி உருகிய ஈரத்திலும் வசந்த மழையிலும் வளர்ந்து, ஜூலை மாதக் கடும் வெயிலுக்கு முன் காய் பிடித்துவிட்டால் நல்ல விளைச்சல் கிடைக்கும். விதைப்பு இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போய், பூக்கும் பருவத்தில் வெப்பக்காற்று வீசினால், விளைச்சல் குறைவதோடு விதையின் எண்ணெய் அளவும் குறையும். எனவே குளிரைத் தாங்கும் பண்பே மறைமுகமாக வறட்சியிலிருந்து காக்கும் பண்பாகவும் வேலை செய்கிறது. வறண்ட, உறைபனிப் பகுதிகளுக்கான எந்தப் பயிரை உருவாக்கும்போதும் இவ்விரண்டையும் தனித்தனிப் பண்புகளாக மதிப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பது என் கருத்து.

இங்கே காட்டாமணக்கை நினைவுகூர்வது பொருந்தும். 2003-இல் இந்தியத் திட்டக்குழு, டீசலில் கலப்பதற்கான எண்ணெய்க்காகக் காட்டாமணக்கைப் பெரும் பரப்பில் நடப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு உழவர்கள் பலருக்கும் அந்த அனுபவம் மறந்திருக்காது. தரிசில் வளரும், ஆடு மாடு மேயாது, நீர் அதிகம் கேட்காது என்பவை அன்றைய விளம்பர வாசகங்கள். அது பிழைத்திருந்தது உண்மைதான். ஆனால் நீரும் உரமும் இல்லாத இடத்தில் காய்க்கவில்லை. உறைபனியோ அதற்கு நஞ்சு. இந்த ஒப்பீடு வெறும் ஒப்புமைக்காக அன்று. மொன்டானாக் கதையின் முக்கிய நிறுவனம் ஒன்று காட்டாமணக்குத் தொழிலிலிருந்தே கேமலினாவுக்கு வந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

2007 முதல் 2010 வரை

முதல் ஏமாற்றம் விளைச்சலில் வந்தது. 400 மி.மீ.க்கு மேல் மழை பெறும் இடங்களில் ஏக்கருக்கு 1,800 முதல் 2,000 பவுண்டு வரை எதிர்பார்க்கலாம் என்று மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு கூறியிருந்தது. மழை குறைந்த இடங்களுக்கு அதே வெளியீடு தாழ்ந்த மதிப்பையே தந்திருந்தது. ஆனால் மாநில அளவிலான சராசரி அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 600 பவுண்டாக, அதாவது 270 கிலோ அளவில் நின்றது. வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. இவ்வளவு சிறிய விதையை அரை செண்டிமீட்டர் ஆழத்துக்குள் விதைக்க வேண்டும். கோதுமை விதைத்துப் பழகிய கருவி அதை ஆழத்தில் புதைத்துவிட்டால் முளைக்காது. பலர் தங்கள் நிலங்களில் மிக மோசமானதையே புதிய பயிருக்கு ஒதுக்கினர்; தரமற்ற நிலத்திலும் விளையும் என்று சொல்லி விற்கப்பட்ட பயிருக்கு அந்த நிலமே கிடைத்தது இயல்புதான்.

600 பவுண்டு விதையைப் பிழிந்தால் ஏறத்தாழ 25 கேலன், அதாவது 95 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு 15 செண்ட் விலை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 90 டாலர் வரவு. அந்தக் காலத்தில் கோதுமை விலை என்ன ஆனது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2008 பிப்ரவரியில் மினியாபொலிஸ் சந்தையில் வசந்தகாலக் கோதுமையின் முன்பேர விலை புஷலுக்கு (ஏறத்தாழ 27 கிலோ) 20 டாலரைக் கடந்தது. அந்த உச்சம் நீடிக்கவில்லை. ஆயினும் 8 டாலர் விலையில் ஏக்கருக்கு 25 புஷல் எடுத்தாலே 200 டாலர் வரும். பழகிய பயிர், பழகிய கருவி, ஊரிலேயே கொள்முதல் நிலையம், இவற்றோடு இரட்டிப்பு வரவும் கிடைக்கும்போது உழவர் கோதுமைக்குத் திரும்பியதில் வியப்பில்லை. தரிசில்தானே கேமலினா விதைக்கிறோம், கோதுமையோடு ஏன் போட்டி என்று கேட்கலாம். விலை உயர்ந்தால் தரிசாக விட வேண்டிய நிலத்திலும் கோதுமையையே மீண்டும் விதைப்பார்கள் என்பதே அதற்கு விடை.

விமானங்களின் கதை இதற்கு இணையாக வேறொரு தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரி 30 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் போயிங் 747 விமானத்தின் ஓர் எஞ்சினில் பாதிக்குப் பாதி உயிரி எரிபொருள் கலந்து டோக்கியோவிலிருந்து சோதனைப் பறத்தல் நடத்தியது. அந்த உயிரி எரிபொருளில் பெரும்பகுதி கேமலினா, சிறு பகுதி காட்டாமணக்கு, மிகச் சிறு பகுதி பாசி. அதே ஆண்டு நவம்பரில் கே.எல்.எம். என்னும் டச்சு விமான நிறுவனம் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு கேமலினாக் கலவையில் பறந்தது. 2010 ஏப்ரல் 22 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 விமானம் பாதி கேமலினா எரிபொருளில் பறந்தது. இதற்காக 2009-இல் 40,000 கேலன் எரிபொருள் வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஒரு கேலனின் விலை 60 டாலருக்கும் மேல். ஆய்வு அளவிலான உற்பத்திக்கு அந்த விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் அதை மட்டும் கண்டு இது பணக்காரப் பயிர் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த 40,000 கேலனுக்கே, எண்ணெயின் ஒவ்வொரு துளியும் எரிபொருளானது என்று கொண்டாலும், மொன்டானாவின் அன்றைய சராசரி விளைச்சலில் 1,600 ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். சுத்திகரிப்பில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் பரப்பு இன்னும் கூடும்.

புண்ணாக்கும் களைக்கொல்லியும்

எண்ணெய் வித்துத் தொழிலில் புண்ணாக்கு விற்காவிட்டால் ஆலை ஓடாது. கேமலினா விதையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு புண்ணாக்காகவே வெளியேறுகிறது. 2007-இல் அதைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இசைவு இல்லை. கால்நடைக்குத் தீங்கு செய்யக்கூடிய, கடுகினத்துக்கே உரிய குளுக்கோசினோலேட்டுகளும் எருசிக் அமிலமும் இருப்பதால் நிர்வாகம் தயங்கியது. 2009-இல் இறைச்சிக் கோழிக்கும், அதைத் தொடர்ந்து கொழுக்க வளர்க்கும் மாட்டுக்கும் முட்டைக் கோழிக்கும் தீவனத்தில் 10 விழுக்காடு வரை சேர்க்க இசைவு கிடைத்தது. அதற்குள் முதல் இரண்டு அறுவடைகள் முடிந்துவிட்டன. சந்தையில் விலையில்லாத ஒரு பொருளைத் தன் உற்பத்தியின் பெரும்பகுதியாகக் கொண்ட ஆலை, விதைக்கு நல்ல விலை தருவது எப்படி?

களை இதைவிடப் பெரிய தடையாக இருந்தது. புல்வகைக் களைகளுக்கு ஒரு மருந்து இருந்தது. அகன்ற இலைக் களைகளுக்குப் பயிர் முளைத்தபின் தெளிக்க எதுவும் இல்லை. சிறு பரப்பில் விளையும் பயிருக்குக் களைக்கொல்லிப் பதிவு பெற எந்த நிறுவனமும் செலவிட முன்வராது; களைக்கொல்லி இல்லாவிட்டால் பரப்பு பெருகாது. இன்னொரு சிக்கல் மண்ணுக்குள் ஒளிந்திருந்தது. கோதுமைக்குத் தெளிக்கும் சல்ஃபொனைல்யூரியா, இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லிகளின் எச்சம், வறண்ட குளிர் மண்ணில் சிதையாமல் நீண்ட காலம் தங்கும்; கோதுமைக்கு அதனால் கேடில்லை, அடுத்து வரும் கேமலினா முளையிலேயே நலிந்துபோகும். அதாவது, எந்தச் சுழற்சியில் இந்தப் பயிர் பொருந்தும் என்று கருதினார்களோ அந்தச் சுழற்சியின் மண்ணே அதற்கு ஒவ்வாததாக இருந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விதைகளில் மரபணுத் திடீர்மாற்றத்தைத் தூண்டி, இந்த எச்சத்தைத் தாங்கும் கேமலினா வழிகளைத் தேர்ந்தெடுத்தனர். செய்தித்தாள்களில் இடம்பெறாத இந்தப் பணியை, விமானச் சோதனைகள் அனைத்தையும்விட முக்கியமானதாக நான் கருதுகிறேன்.

பயிர்க் காப்பீடும் தாமதமாகவே வந்தது. 2012 பயிர் ஆண்டில் மொன்டானா, வட டகோட்டா மாநிலங்களின் சில மாவட்டங்களுக்கு மட்டும் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. ஆலையோடு ஒப்பந்தம் செய்து வசந்தத்தில் விதைத்த பயிருக்கே அது பொருந்தும். வங்கிக் கடனில் விதைக்கும் உழவருக்குக் காப்பீடு இல்லாத பயிர் என்பது சூதாட்டம்தான்.

தரிசு சும்மா கிடக்கிறதா

2012 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கேமலினா எண்ணெயைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விதிமுறையில் சேர்த்து ஆணை வெளியிட்டது. எதிர்ப்புக் கருத்துகள் வரவே மார்ச்சில் திரும்பப் பெற்று, 2013-இல் உறுதி செய்தது. கரிம உமிழ்வு 50 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்ற அதன் கணக்கு, கேமலினா கோதுமைச் சுழற்சியின் தரிசு நிலத்திலேயே விளையும், ஆகவே வேறெங்கும் நிலப் பயன்பாடு மாறாது என்ற அனுமானத்தின்மேல் நின்றது.

இந்த அனுமானத்தில் பாதி உண்மை உண்டு. வெறுமையாகக் கிடக்கும் மண் காற்றில் அரிக்கப்படுகிறது. அங்கே விழும் மழையில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது. மேல்மண்ணில் உப்பு பூப்பதும் உண்டு. அந்த இடத்தில் ஒரு பயிர் நிற்பது மண்ணுக்கு நல்லதே. ஆயினும் தரிசு சும்மா கிடப்பதில்லை. அடுத்த கோதுமைக்கான ஈரத்தை அது சேமிக்கிறது. அந்த ஈரத்தில் ஒரு பகுதியைக் கேமலினா குடித்துவிட்டால், தொடர்ந்து வரும் கோதுமையின் விளைச்சல் குறையும். மொன்டானாவின் மொக்காசின் ஊரிலுள்ள மத்திய வேளாண் ஆய்வு மையத்தின் சுழற்சிச் சோதனைகளில், தரிசுக்குப் பின் விதைத்த கோதுமையைவிடக் கேமலினாவுக்குப் பின் விதைத்த கோதுமை குறைவாகவே விளைந்தது. அந்த இழப்பைக் கேமலினாவின் வரவு ஈடுசெய்கிறதா என்பது அந்தந்த ஆண்டின் மழையையும் இரு பொருள்களின் விலையையும் பொறுத்தது. கேமலினா விலையை அறிவித்த ஒப்பந்தங்களில் அடுத்த ஆண்டுக் கோதுமையின் இழப்புக்கு இடமில்லை. அது உழவர் தலையிலேயே விழுந்தது. கரிமக் கணக்கிலும் அந்த இழப்பு சரிவரப் பதிவாக வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

இனமேம்பாடு

பயிர் மேம்பாட்டாளருக்குக் கேமலினா எளிதும் கடினமும் கலந்தது. ஆய்வகங்களில் உலகிலேயே மிக விரிவாக ஆராயப்பட்ட தாவரமான அரபிடாப்சிஸின் நெருங்கிய உறவு இது. தாவரத்துக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் கலந்த கரைசலில் பூங்கொத்தைத் தோய்த்தே மரபணுவைப் புகுத்திவிடலாம். திசு வளர்ப்பு தேவையில்லை. ஆனால் 2014-இல் கனடாவின் சாஸ்கட்டூன் ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட மரபணுத்தொகுதி, இது ஆறு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட தாவரம் என்பதையும், பெரும்பாலான மரபணுக்கள் மும்மூன்று படிகளாக, ஒன்றோடொன்று அதிகம் வேறுபடாமல் இருப்பதையும் காட்டியது. ஒரு படியைச் செயலிழக்கச் செய்தால் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். ஆகவே பழைய திடீர்மாற்ற முறையில் பல பண்புகள் வெளிப்படுவதே இல்லை. 2017-இல், மரபணுவைக் குறிவைத்துத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் எண்ணெய் அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் மூன்று படிகளையும் மாற்றியபோது, எண்ணெயில் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஏறத்தாழ 16 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாத அத்தகைய எண்ணெய் எரிபொருளுக்கு ஏற்றது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எண்ணெயின் தரத்தை மாற்ற இத்தனை ஆய்வகங்கள் முயன்ற அளவுக்கு, விதையின் பருமனைக் கூட்டவும் ஆழத்திலிருந்து முளைக்கும் ஆற்றலைத் தரவும் பாடுபட்டவர்கள் குறைவு. உலகச் சேமிப்பகங்களில் உள்ள கேமலினா வகைகளுக்குள் மரபு வேறுபாடும் குறுகியதே. காட்டுறவான கேமலினா மைக்ரோகார்பாவிலிருந்து புதிய பண்புகளைக் கொணர்வது மெதுவான, புகழ் தராத வேலை.

மின்னசோட்டாவில் வேறொரு இடம்

கேமலினாவுக்கு இன்னொரு வகையும் உண்டு. முதுவேனிலின் இறுதியிலோ இலையுதிர் காலத்திலோ விதைத்து, பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு ஜூன் இறுதியில் அறுவடையாகும் குளிர்கால வகை அது; நீண்ட குளிரைப் பட்டபின்தான் பூக்கும். மின்னசோட்டா மாநிலத்தின் மோரிஸ் ஊரிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் ரஸ் கெஷ்சும் உடன் ஆய்வாளர்களும் 'ஜோயல்' என்ற குளிர்கால வகையைக் கொண்டு பல ஆண்டுகள் சோதனை செய்தனர். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே செல்லும் அந்தக் குளிரிலும் அது பிழைத்தது. கோதுமை அறுவடைக்குப் பின் கேமலினா, அது நிற்கும்போதே வசந்தத்தில் வரிசைகளுக்கு இடையே சோயா என்பது அவர்கள் கண்ட முறை. சோயா தனித்து நின்றால் தரும் அளவுக்கு விளைவதில்லை; ஆனால் இரண்டையும் கூட்டினால் அதே நிலத்தில் அதிக எண்ணெய் கிடைக்கிறது. வசந்தத்தில் வேறு பூக்கள் இல்லாத நாட்களில் தேனீக்களுக்கு உணவும், ஆற்றுக்குப் போகும் நைட்ரேட்டுக்குத் தடையும் கூடுதல் பயன்கள்.

இங்கே மழை மொன்டானாவைவிட இரட்டிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, கேமலினா சிறப்பாகப் பொருந்துவது மிகவும் வறண்ட நிலத்தில் அன்று. ஈரம் ஓரளவு இருந்தும் குளிர் காரணமாக வேறெதுவும் விளையாத மாதங்களில். வறட்சிக்கான பயிர் என்று தேடப்பட்ட ஒன்று குளிருக்கான பயிராகவே தன் வலிமையைக் காட்டுகிறது. இதே கருத்தில் பென்னிகிரெஸ் என்னும் மற்றொரு கடுகினக் களையையும் பயிராக்கும் முயற்சி அப்பகுதியில் நடக்கிறது.

பேக்கர்ஸ்ஃபீல்ட்

மொன்டானாவில் கேமலினா ஒப்பந்தங்களை முன்னெடுத்த சஸ்டைனபிள் ஆயில்ஸ் நிறுவனத்தை 2013-இல் குளோபல் கிளீன் எனர்ஜி ஹோல்டிங்ஸ் வாங்கியது. அதுவரை மெக்சிகோவில் காட்டாமணக்குத் தோட்டங்களை நடத்தி வந்த நிறுவனம் இது. பயிர், ஆலை, விற்பனை மூன்றும் ஒரே கையில் இருந்தால்தான் இந்தத் தொழில் நிலைக்கும் என்று கணித்து, 2020-இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இயங்காமல் கிடந்த பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையை வாங்கி, தாவர எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் ஆலையாக மாற்றத் தொடங்கியது. கணிப்பு தவறன்று, மொன்டானாவின் முதல் சுற்றில் விதைக்கு உறுதியான வாங்குநர் இல்லாததே பெருங்குறை. ஆனால் மாற்றுப் பணி ஆண்டுக்கணக்கில் தாமதமாகிச் செலவு பெருகியது. 2024 இறுதியில்தான் உற்பத்தி தொடங்கியது. 2025 ஏப்ரலில் நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது.

ஆலை முழுத் திறனில் ஓட வேண்டுமானால் அதற்குத் தேவையான எண்ணெயைக் கேமலினாவால் மட்டும் உடனே தர இயலாது. சோயா எண்ணெய், கழிவுக் கொழுப்பு போன்றவற்றையும் வாங்கியே தீர வேண்டும். வயலில் பரப்பு பெருகப் பத்தாண்டு ஆகும். ஆலைக் கடனுக்கு வட்டி முதல் மாதத்திலிருந்தே ஓடும். இந்தக் கால வேறுபாட்டை எந்த விதை ரகமும் சரிசெய்யாது. குறைந்த அளவு விதையைப் பிழிந்து, எண்ணெயைத் தீவனத்துக்கும் உணவுக்கும் முதலில் விற்று, பரப்பு பெருகியபின் எரிபொருளுக்குத் திரும்பும் சிறு ஆலைகள் மொன்டானாவில் தொடக்கத்திலேயே எழுந்திருந்தால், உழவர்களின் கையில் விதையும் பழக்கமும் விட்டுப்போகாமல் இருந்திருக்கும். இப்போது குளிர்கால வகையை விதைக்க முன்வரும் உழவர், அதை எங்கே கொண்டுபோய் விற்பது என்ற கேள்வியையே முதலில் கேட்கிறார்.